காணும் பொங்கல் நோட்டு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் புகுந்த வீட்டில் 2012 முதல் ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் மாலையில் அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறோம். பேசியதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. இதைக் கேள்விப்பட்ட உறவினர்களும் அலுவலகத் தோழிகளும் பக்கத்து வீட்டாரும் பல வருடமாக ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப் போனதால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

அக்கா, இது டைரி எழுதுகிற மாதிரியா? உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?

டைரியை ஒருவர் தனியாக எழுதுவார். இங்கே பத்துப் பேர் பேச, ஒருவர் எழுதுகிறார். மாலை நான்கரை மணி வாக்கில், ஊருக்குத் திரும்புகிறவர்கள் பையைக் கட்டுவதற்கு முன்னால், திண்ணையில் உட்காருவோம். போன வருடத்துப் பக்கத்தை ஒருவர் உரக்கப் படிப்பார். பிறகு ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: போகியிலிருந்து அன்றுவரை கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, நாக்கில் நின்றது, எதுவானாலும் சரி. யார் சொன்னது என்று பெயர் போட்டு, சொன்னபடியே எழுதுவோம். இலக்கணம் திருத்துவதில்லை.

கடைசியில் பெரியவர்களில் ஒருவரிடம் பழைய பொங்கல் ஒன்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. அதோடு எழுந்துவிடுவோம். அரை மணிக்கு மேல் போனால் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நெளிய ஆரம்பிப்பார்கள்.

ஏன் காணும் பொங்கலன்று? பொங்கலன்றே செய்தால் என்ன?

பொங்கலன்று வீட்டுப் பெண்கள் அடுப்பை விட்டு நகர முடியாது. மாட்டுப் பொங்கலன்று ஆண்கள் மாடு குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, நெட்டி மாலை கட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எல்லோருக்கும் கை ஓய்வது மறுநாள்தான். பெயரிலேயே 'காணும்' என்று இருக்கிறது. அன்று செய்ய வேண்டியதே மனிதர்களைப் பார்ப்பதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார்: படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கழன்றுவிடுகிறது, மிச்சம் மெல்ல மெல்லப் போகிறது. அவர் மனப்பாடம் செய்தது பொருளில்லாத எழுத்துக் கோவைகளை. பொங்கல் அதைவிடக் கொஞ்சம் நாள் நிற்கும். ஆனாலும் சென்னை திரும்பி மூன்று நாள் வேலைக்குப் போனவரைக் கேட்டுப் பாருங்கள், 'நல்லா இருந்தது' என்ற ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும்.

பொங்கலன்று எனக்கு மூச்சு விடவே நேரமில்லை. நின்று நிதானமாக ரசிப்பதெல்லாம் எங்கே முடிகிறது?

நாள் முழுவதும் ரசிக்க வேண்டாம், யாராலும் முடியாது. ஆனால் பால் பொங்குவதற்கு முந்தைய நாலைந்து நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் வாடத் தொடங்கியிருக்கும். அடியில் காய்ந்த பாளையும் மட்டையும் படபடவென்று எரியும். முதலில் எந்தப் பக்கம் வழியும், கிழக்கா வடக்கா என்று வீடே பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் யாரும் யாரிடமும் வம்பு பேசுவதில்லை. ஒரு பொருளை மட்டும் விடாமல் கவனிப்பதற்கு இப்போது காசு கொடுத்து வகுப்புக்குப் போகிறார்கள். நம் வாசலில் வருடத்துக்கு ஒரு முறை அது இலவசமாக நடக்கிறது.

நான் செய்வது ஒன்றே ஒன்று. அந்த நேரத்தில் பானையிலிருந்து ஒரு நொடி கண்ணை எடுத்து, சுற்றி நிற்பவர்களில் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். காணும் பொங்கலன்று என் முறை வரும்போது அதைச் சொல்வேன். 2014-இல் என் பெயருக்கு நேராக இருப்பது: 'அத்தை பானையைப் பார்க்கவில்லை. பாத்திரக் கணக்கை எண்ணிக்கொண்டிருந்தார்.' இதற்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் வாயே திறக்க மாட்டார்கள். 'சொல்வதற்கு என்ன இருக்கிறது' என்பார்கள். என்ன செய்வது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எனக்கே முதல் இரண்டு வருடம் பிடிபடவில்லை. 'உங்களால் மறக்கவே முடியாத பொங்கல் எது?' என்று கேட்டேன். தேர்வுத்தாளைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். அப்படிக் கேட்டால் எழுபது பொங்கலையும் மனத்தில் வரிசைப்படுத்தி, சிறந்ததைத் தேர்ந்து, நான்கு பேர் முன்னால் நியாயப்படுத்த வேண்டும். யாருக்கு அந்தத் தைரியம் வரும்? 'எப்படி உணர்ந்தீர்கள்' என்பது அதைவிட மோசம். என் மாமனாரின் தம்பியிடம் அதைக் கேட்டபோது, 'சாப்பாடு செரித்துவிட்டது' என்றார்.

உணர்ச்சியைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் அடுப்பு வாசலில் எந்தப் பக்கம் இருந்தது? பானை மண்ணா வெண்கலமா? யார் வாங்கி வந்தார்? வெல்லம் எந்தக் கடை? புதுத்துணி எத்தனை மணிக்குக் கைக்கு வரும்? யார் துணி தைத்தது, காஜா எடுத்தது யார்? கையால் தொட்ட பொருளைக் கேட்டால் பதில் கையிலிருந்து வருகிறது. 'வெண்கலப் பானை எப்போது விலைக்குப் போனது' என்று ஒரு வருடம் சாதாரணமாகக் கேட்டேன். சின்ன நாத்தனார் படிப்புக்குப் பணம் கட்ட அதை விற்ற கதையை அத்தை முதல்முறையாகச் சொன்னார். நாத்தனார் எதிரே உட்கார்ந்திருந்தார். அதுவரை அவருக்கே தெரியாது.

இன்னொரு விஷயம்: பதில் வந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பெரியவர்கள் முதல் வாக்கியம் முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்கள். இரண்டாவது வாக்கியம் அதற்குப் பிறகுதான் வரும்.

என்ன நோட்டு, என்ன பேனா?

தைத்த கெட்டி அட்டை நோட்டு, சுருள் கம்பி வேண்டாம். சாதாரண பால்பாயின்ட் பேனா. தண்ணீர் பட்டால் ஊறும் மை கூடாது. இரும்புப் பெட்டியில் வேப்பிலைச் சருகோடு வைக்கிறோம், இதுவரை பூச்சி அரிக்கவில்லை. எழுதிய பக்கங்களைப் போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் வைத்திருக்கிறோம். இதில் ரொம்ப யோசிக்காதீர்கள். நோட்டு தேர்ந்தெடுப்பதிலேயே பொங்கலைக் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள்தான் முந்நூறு போட்டோ எடுக்கிறோமே, அது போதாதா?

முந்நூறில் எத்தனையை மறுபடி பார்த்தீர்கள் என்று கேட்டால் சண்டைக்கு வருவீர்கள். லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தவர்களிடம் சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்கள் வெறுமனே பார்த்தவற்றைவிடக் குறைவாகவே நினைவில் இருந்தன. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மனம் கைவிட்டுவிடுகிறது போலும். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை.

அதனால் படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்த படம் ஒன்று போதும். மற்றவை நெருக்கத்தில் இருக்கட்டும்: வெல்லம் தட்டும் கை, கோலத்தில் பதிந்த கோழிக் கால், கரும்பு கடித்துப் புண்ணான உதடு. எடுத்து முடித்ததும் போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் ஐந்து நிமிடம்கூட உட்கார மாட்டார்கள். அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

உட்கார வேண்டாம். கரும்பைக் கடித்துக்கொண்டு திண்ணைக்கும் வாசலுக்கும் ஓடட்டும். அவர்கள் முறை வரும்போது கூப்பிடுங்கள், ஒரு வரி சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். எங்கள் நோட்டின் சிறந்த வரிகளில் பாதி அவர்களுடையவை. 'மாட்டுக்கு ஊட்டின பொங்கலை மாடு என் சட்டையில் துடைத்தது' என்பது ஐந்து வயதுக் குழந்தை சொன்னது.

மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரியவர்களான பிறகு பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. அதற்குப் பின் நிற்பது எவ்வளவு என்பது வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் பொறுத்திருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபிவுஷ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 'நேற்று மாடு பார்த்தாயா?' என்று ஆம், இல்லை பதிலுக்குக் கேட்காமல், 'மாடு என்ன செய்தது? யார் பிடித்தார்கள்? ஏன் பயந்தாய்?' என்று விரித்துக் கேட்கும் தாய்மாரின் பிள்ளைகள், பின்னாளில் தங்கள் அனுபவங்களை விரிவாகச் சொல்கிறார்கள். அவரும் அதே பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக்கும் 'உனக்குத் தெரியுமா' என்று குடும்பக் கதைகளைப் பற்றி இருபது கேள்விகள் வைத்துப் பிள்ளைகளைக் கேட்டார்கள். வீட்டுக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. கதைதான் அதற்குக் காரணமா, அல்லது கதை பேச நேரம் இருக்கிற வீடே காரணமா என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

போகிக்குப் பழையதை எல்லாம் எரித்துவிட வேண்டுமே. நீங்கள் சேர்த்து வைக்கச் சொல்கிறீர்களா?

கிழிந்த பாய், உடைந்த முறம் போகட்டும். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடாவருடம் கேட்டுக்கொள்கிறது, அதையும் கேளுங்கள். காகிதம் மட்டும், யாருடையது என்று விசாரிக்காமல் தீயில் போகக் கூடாது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தபாலில் வந்து குவியும் அல்லவா? நடிகர் படம் போட்டது, கரும்பும் காளையும் போட்டது. எங்கள் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. ஒரு போகியன்று எரிக்க எடுத்தவள் நானேதான். திருப்பிப் பார்த்தால் ஒன்றின் பின்புறத்தில், 'மாடு கன்று போட்டதா? பதில் போடவும்' என்று இருந்தது. அன்று எரிக்கவில்லை. அடுத்த மூன்று வருடம், கடைசியில் பெரியவர்களிடம் கேட்கும் அந்த ஒற்றைக் கேள்விக்கு அட்டை ஒன்றை எடுத்துத்தான் நீட்டினோம்.

ஒரே பொங்கலை அம்மா ஒரு மாதிரி சொல்கிறார், மாமா வேறு மாதிரி சொல்கிறார். எதை எழுதுவது?

இரண்டையும், பெயர் போட்டு. பெயர் போட்டு எழுதுவோம் என்று முதல் பதிலில் சொன்னது இதற்காகவும்தான். யார் சரி என்று அங்கே தீர்க்கப் பார்த்தால் தோற்றவர் அடுத்த வருடம் வாய் திறக்க மாட்டார்.

நினைவு ஏமாற்றும், அதுவும் முழு நிச்சயத்தோடு ஏமாற்றும். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர், முன்னே சொன்ன அதே எமரியில், செய்தியை எப்போது எங்கே கேட்டீர்கள் என்று மாணவர்களை எழுதச் சொன்னார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வியை நிக்கோல் ஹார்ஷும் அவரும் மறுபடி கேட்டார்கள். பலர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியும் நம்பாதவர்கள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். 2017-இல் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் இருந்ததால் அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை என்று என் கொழுந்தனார் மகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வருடம் பொங்கல் ஜனவரி 14. மெரினாவில் கூட்டம் சேரத் தொடங்கியது 17. நோட்டில் 16-ஆம் தேதிப் பக்கத்தில், 'கறிக் குழம்பில் உப்பு இல்லை' என்ற அவன் வரி இருக்கிறது. மறுநாள் பஸ் ஏறிப் போனவன், போராட்டத்தின் சூட்டில் அதற்கு முந்தைய நான்கு நாளைத் தொலைத்துவிட்டான். நாங்கள் அவன் வரியைத் திருத்தவில்லை. பக்கத்தில், 'இல்லை, நான் வரவே இல்லை' என்று அவன் இப்போது சொல்வதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

நான் இந்த வீட்டு மருமகள். இவர்கள் கதையையே எழுதினால் என் பொங்கல் எங்கே போகிறது?

இதே கேள்வியை என் ஓரகத்தி ஆறாவது வருடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நானும் மருமகள்தான், திருவையாற்றுப் பக்கத்துப் பெண். என் அண்ணன் வருடம் தவறாமல் கரும்பும் மஞ்சள் கொத்தும் அரிசியும் வெல்லமும் சீராகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். நோட்டை எழுதியவளும் நானே. அப்படியும் என் பிறந்த வீடு அதில் ஒரு வரி இல்லை.

அன்றே நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து 'பிறந்த வீட்டுப் பொங்கல்' என்று எழுத ஆரம்பித்தோம். மருமகள்களும், இந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் தங்கள் புகுந்த வீட்டைப் பற்றியும் அதில் சொல்கிறார்கள். அத்தை, தான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கையால் பொங்கல் சாப்பிட்டதே இல்லை என்பதை அந்தப் பக்கத்தில்தான் சொன்னார். இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கும்போது நோட்டை மாற்றுகிறோம். இதுவரை ஒவ்வொரு நோட்டிலும் பின்பக்கம்தான் வேகமாக வளர்ந்திருக்கிறது.

பேச்சு சொத்துப் பிரச்சினைக்குப் போய்ச் சண்டை வந்துவிட்டால்?

வரும். எங்களுக்கு வந்தது. இரண்டு விதிகள் வைத்திருக்கிறோம். யாரும் 'இதை எழுதாதே' என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. நடந்ததை எழுதலாம், தீர்ப்பு எழுதக் கூடாது. 2016-இல் ஒருவர் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'சின்னவர் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.' மறு வருடம் படிக்கும் முறை அவருடையதாக இருந்தது. அந்த வரியை மற்ற வரிகளைப் போலவே படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

இந்த வருடம் வீட்டில் துக்கம், பொங்கல் இல்லை. நோட்டையும் விட்டுவிட வேண்டுமா?

எங்கள் நோட்டே பொங்கல் இல்லாத பொங்கலில் தொடங்கியதுதான். 2011 தீபாவளிக்கு முன்னால் மாமனார் காலமானார். 2012 ஜனவரியில் அடுப்பு வைக்கவில்லை, கரும்பு வாங்கவில்லை. வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் முதல் ஏர்மாட்டை எந்தச் சந்தையில் வாங்கினார் என்று யாரோ கேட்டார்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தை சொன்னார். பால் கணக்கு நோட்டு பக்கத்தில் கிடந்தது, அதில் எழுதினேன். முதல் பக்கத்தின் மேல்பாதியில் இன்னும் பால் கணக்குதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. எங்கள் தோப்பில் நூற்றிருபது தென்னையில் பதினேழு நின்றது. இரண்டு மாதத்தில் வந்த பொங்கலில் மகிழ்ச்சியாக எதையாவது சொல்லுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. விழுந்த மரங்களில் யார் யார் எதை நட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார்கள். அந்த வருடம் நான்கு பக்கம். வேறெந்த வருடமும் அவ்வளவு நீளமில்லை.

அப்பாவுக்கு மறதி நோய். அவரை உட்காரவைத்தால் சங்கடப்படுவாரா?

'ஞாபகம் இருக்கிறதா?' என்று கேட்டால் சங்கடப்படுவார். அந்த இரண்டு சொல்லையும் வீட்டிலிருந்தே ஒதுக்கிவிடுங்கள். இன்று காலை நடந்தது போய்விட்டிருக்கும், இளவயதுச் செய்திகள் பெரும்பாலும் அதைவிட நாள் தாங்கும். அதனால் பழைய பொருளைக் கையில் கொடுங்கள். வாசனையும் உதவலாம், மூக்கிலிருந்து போகும் பாதை மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மிக அருகில் போய்ச் சேர்கிறது. இந்த நோயில் மோப்பமே குறைந்துவிடுவதும் உண்டு, அதையும் எதிர்பார்த்திருங்கள்.

என் பெரியம்மா கடைசி இரண்டு வருடம் எங்கள் பெயர் எதுவும் அறியாமல் இருந்தார். பாளை எரியும் புகை வந்ததும், 'தீ ஏறிவிட்டது, மட்டையை இழு' என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. இழுத்தேன். அன்றைக்கு அவர் பெயருக்கு நேராக அந்த வரியை எழுதினோம்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். அன்று விடுமுறைகூடக் கிடையாது.

வீடியோ அழைப்பில் செய்யலாம். 2022-இல் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கில் மாட்டிக்கொண்டது, ஊரிலிருந்த நாங்களும் அப்படித்தான் செய்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் பாதி கேட்கவில்லை. ஒருவர் ஒருவராகக் குரல் பதிவு அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. யார் வைத்துக்கொள்வது?

இதற்குத்தான் எங்கள் வீட்டில் அதிக நாள் பேச்சு நடந்தது. பழைய இரண்டும் பெட்டியில் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நோட்டை அந்த வருடம் எழுதியவர் கையோடு எடுத்துப் போக வேண்டும், அடுத்த காணும் பொங்கலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு வருடம் பெங்களூரில் வேலை பார்க்கும் பையனிடம் போனது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நோட்டைப் பார்சலில் அனுப்பிவிட்டான். அவன் பெயருக்கு நேராக அத்தை எழுதச் சொன்னது: 'நோட்டு வந்தது. ஆள் வரவில்லை.'